காற்றுக்கு வகிடெடுத்தவள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். கணவாய்ப்பட்டியில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை, எதற்குப் பொய் சொல்ல வேண்டும். ஆனால் வடைக்கடை குருவம்மாவின் தகரக் கூரை ஒரு ஆடி வெள்ளியன்று கிளம்பிப் போய்ப் பக்கத்து ஊர் எல்லையில் இறங்கியதையும், அந்த ஊர்க்காரர்கள் அதை வைத்து ஆட்டுக்கொட்டகை போட்டுக்கொண்டு திருப்பித் தர மாட்டோம் என்று நின்றதையும் ஊரே பார்த்தது. மேற்கே மலை, மலைக்கு நடுவில் ஒரு வாய், அந்த வாய்க்கு அந்தப் பக்கம் மலையாள தேசம், அங்கிருந்து கிளம்புகிற காற்று முழுவதும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் எங்கள் ஊருக்குள் இறங்கும். ஆடி ஒன்றாம் தேதி இறங்கத் தொடங்கினால் ஆவணி பிறக்கிறவரை அதற்கு மூச்சு வாங்கத் தெரியாது.

அதனால் எங்கள் ஊரில் ஆடி மாதம் மேற்கே போகிறவர்கள் முதுகைக் காட்டித்தான் நடப்பார்கள். பிள்ளைகள் பின்பக்கமாக நடந்து பள்ளிக்கூடம் போகும், பெண்கள் பின்பக்கமாக நடந்து தோட்ட வேலைக்குப் போவார்கள், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாமல் சம்பந்திகளே முட்டிக்கொண்ட கதையெல்லாம் உண்டு. கணவாயின் உச்சியில் இருக்கிற காத்தாயி அம்மனுக்கு ஆடியில் விளக்கு கிடையாது. உலகத்து அம்மன்களுக்கெல்லாம் ஆடியில் விளக்கு எரியும்போது எங்கள் அம்மனுக்கு மட்டும் ஆவணியில்தான், ஏனென்றால் ஏற்றினால் நிற்காது. மஞ்சள் சேலை கட்டி, காப்புக் கட்டி, மாவிளக்குக்கு மாவு இடித்து, அதை எரிக்காமல் அப்படியே பிசைந்து தின்றுவிட்டு வருகிற ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் சுகந்தி சைக்கிள் விட்டாள்.

சுகந்திக்கு நாற்பது வயது இருக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கம் 'சுகந்தி பியூட்டி பார்லர்' அவளுடையது, புருஷன் ஒச்சப்பன் கரண்ட் ஆபீசில் லைன்மேன். ஒரு நாள் பார்லரில் டிவி ரிமோட் தலைச்சாயக் கிண்ணத்துக்குள் விழுந்து, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மாறாமல் ஒரே சேனலில் நின்றுவிட்டது. அந்தச் சேனலில் பிரான்சு நாட்டில் நூற்றுக்கணக்கான ஆட்கள் சைக்கிளில் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். சீரியல் பார்க்க வந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுகந்தி மட்டும் கையில் சீப்போடு அப்படியே நின்றாள், முன்னால் உட்கார்ந்திருந்தவளின் தலையில் சாயம் காய்ந்து கெட்டியாகிற வரைக்கும் நின்றாள். அடுத்த மாதமே ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய், விரல் மொத்தமே டயர் இருக்கிற, கிடாக்கொம்பு மாதிரி கைப்பிடி வளைந்த பழைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தாள். தலைக்கு ஒரு தொப்பியும் வாங்கினாள். ஊருக்கெல்லாம் தலை அலங்காரம் பண்ணுகிறவள் தன் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போகிறாள் என்று நாங்கள் சிரித்தோம்.

அந்த ரிமோட் பிறகு சரியாகிவிட்டது. ஆனால் வருஷா வருஷம் அந்தப் பந்தயம் நடக்கிற மூன்று வாரமும் பார்லர் டிவியில் வேறெதுவும் ஓடக்கூடாது என்று சுகந்தி சட்டம் போட்டாள். பந்தயம் முடிகிற வாரமும் ஆடி பிறக்கிற வாரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். முதல் வருஷம் முணுமுணுத்த பெண்கள் மூன்றாம் வருஷம் புருவம் எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் சாயங்காலம் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். நானும் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு நேரே அங்கேதான் போவேன். சூரியகாந்திக் காடும், கோட்டையும், கல்பாலமும், நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி ஓடுகிற அந்தச் சைக்கிள் கூட்டமும் எங்களுக்கு மனப்பாடம். பந்தயத்தில் எல்லாருக்கும் முந்தி நிற்கிறவனுக்கு ஒரு மஞ்சள் சட்டை கொடுப்பார்கள். சுகந்தி எத்தனையோ முறை விளக்கிச் சொன்னாள், யார் கேட்டார்கள்? ஆடி மாதத்தில் ஒருத்தன் மஞ்சள் உடுத்திக்கொண்டு மலை மலையாக ஏறினால் அவன் நேர்த்திக்கடன்காரன் என்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தாலும் எழுந்து மிதிக்கிறானே, வேண்டுதல் இல்லாமலா? கடைசி நாளில் அவன் மேடை ஏறி என்னவோ குடிப்பதைப் பார்த்து, நல்லபடியாக விரதம் முடித்துவிட்டான் என்று நாங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம்.

ஆனால் சுகந்திக்குப் பிடித்த ஆள் மஞ்சள் சட்டைக்காரன் இல்லை. அவனுக்கு முன்னால் போகிற யோரிஸ் என்கிற பெல்ஜியம் நாட்டுக்காரன். மூக்கு கோணல், முன்தலை வழுக்கை, வயதும் கொஞ்சம் அதிகம்.

"இவன் என்னடி, ஒரு நாளும் ஜெயிக்க மாட்டேங்கிறான்?" என்று ஒரு நாள் குருவம்மா கேட்டாள். குருவம்மா ஊரிலேயே பெரிய உடம்புக்காரி. பார்லர் நாற்காலியில் இரண்டு கைப்பிடியையும் கழற்றி வைத்துத்தான் அவளை உட்கார வைக்க வேண்டும்.

"ஜெயிக்கிறது அவன் வேலை இல்ல மதினி," என்றாள் சுகந்தி, புருவம் எடுக்கிற நூலைப் பல்லில் கடித்தபடி. "முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சுக் குடுப்பான். பின்னாடி ஒட்டிக்கிட்டே வர்றவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். மலை முடியிற வரைக்கும் இவன் கிழிச்சுக்கிட்டே போவான், நாக்குத் தள்ளுனதும் ஒதுங்கிருவான். அவன் போயி ஜெயிப்பான்."

"தண்ணி பாட்டிலும் இவன்தான் தூக்கிட்டு வந்து குடுக்குறான்."

"ஆமா, அதுவும்தான்."

"அப்ப இவன் பேரு எங்கயும் வராதா?"

"கடைசியில எங்கயாச்சும் வரும்."

குருவம்மா பெருமூச்சு விட்டாள். "சைக்கிள்ல போற பொம்பளைப் பொறப்புன்னு சொல்லு," என்றாள். பார்லரே சிரித்தது, கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு தானாக அடங்கியது.

சுகந்திக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கணவாய்ச் சாலையில் பதினெட்டு வளைவு. பதினெட்டையும் ஆடிக் காற்றுக்கு எதிரே ஏறி, உச்சியில் நிற்கிற எல்லைக்கல்லைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்குகிற சாலையைக் கால் தரையில் ஊன்றாமல் பார்க்க வேண்டும். ஆவணியில் ஏறினால் என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வருஷா வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி அன்று கிளம்புவாள், வருஷா வருஷம் பதினெட்டாவது வளைவில் காற்று அவளைச் சைக்கிளோடு தூக்கி ஓரத்தில் போடும், முழங்கையில் ரத்தத்தோடு தள்ளிக்கொண்டு திரும்புவாள். "ஏத்தா, மேல அப்படி என்னதான் வச்சிருக்கு?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்ல," என்பாள். அவள் கண் கலங்கியிருப்பதைக் காற்றின் மேல் பழி போட்டுவிட்டு நாங்களும் போய்விடுவோம்.

போன வருஷம், ஆடி முதல் செவ்வாய் அன்று, சுகந்தி சைக்கிளில் போன பிறகு அவளுக்குப் பின்னால் காற்று மூடவில்லை.

அதை முதலில் கண்டவள் குருவம்மா. தலையில் வடைத் தூக்கோடு அவள் மேற்கே முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள், சுகந்தி சைக்கிளில் அவளைத் தாண்டிப் போனாள், உடனே குருவம்மாவின் சேலை முந்தானை, அதுவரை கொடிமரத்துக் கொடி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, பொத்தென்று விழுந்து காலோடு ஒட்டிக்கொண்டது. குருவம்மா நின்றாள். இடது கையை நீட்டினாள், வளையல் கலகலவென்று ஆடியது. கையை உள்ளே இழுத்தாள், வளையல் பேசாமல் கிடந்தது. வலது கையையும் அப்படியே நீட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி மேற்கே முகம் காட்டி நின்று, எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் நேராக நடந்த முதல் மனுஷியாக நாலு எட்டு நடந்தாள். அவள் கத்தவில்லை, சாமி ஆடவில்லை. "காத்து இங்க இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, தூக்கை இறக்கி, மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவரச் சொல்லி, நடுரோட்டிலேயே எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். பற்ற வைத்த தீ பொம்மை மாதிரி நின்றது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், அவள் அவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு வடை கொடுத்து ஓரமாகப் போகச் சொன்னாள்.

அம்மன் அருள் என்றார்கள் சிலர், சைக்கிளின் இரும்பில் ஏதோ கலப்பு என்றார்கள் சிலர், அறிவியல் வாத்தியார் பலகையில் படம் போட்டு விளக்கி அவரே பாதியில் அழித்துவிட்டார். அதோடு காரணம் தேடுகிற வேலையை ஊர் விட்டுவிட்டது, ஏனென்றால் அதைவிட முக்கியமான வேலை இருந்தது. சுகந்தி போன தடத்தில், அவள் கைப்பிடி அகலத்துக்கு, மறுநாள் விடிகிறவரை காற்று இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. தலைவாரி விடுகிறவள் எடுத்த வழி என்பதால் அதற்கு வகிடு என்று பேர் வைத்தோம். எவ்வளவு உயரம் என்று ஒச்சப்பன் கரண்ட் கம்பத்தில் ஏறிப் பார்த்து, சுகந்தியின் தொப்பிக்கு மேல் ஒரு முழம் என்று சொன்னார். நெட்டையானவர்கள் குனிந்து போனார்கள். குனியாதவர்கள் தலை கலைந்து போனார்கள்.

வகிட்டுக்குள் பிள்ளைகள் வரிசையாக, முகம் முன்னால் பார்க்க, பள்ளிக்கூடம் போனார்கள். ஜவுளி வியாபாரி மூட்டை சரியாமல் போனார். கிழவர்கள் ஒரே தீக்குச்சியில் பீடி பற்ற வைத்தார்கள். ஆடியில் கல்யாணம் வைக்காத ஊர் என்பதால் கல்யாணம் மட்டும் போகவில்லை, ஆனால் கல்யாணம் முடிந்து ஆடிக்குப் பிரித்து வைத்த புதுப்பெண் ஒருத்தி ஒரு சாயங்காலம் வகிட்டு வழியாகவே நடந்து மேலத்தெருவில் புருஷன் வீட்டு வாசலில் போய் நின்றாள். எதிரும் புதிருமாக வந்தவர்கள் யார் ஒதுங்குவது என்று சண்டை போட்டார்கள். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே என்று ஊராட்சித் தலைவர் அழகுராசா ஒலிபெருக்கியில் அறிவித்தார். பிறகு, இன்று சுகந்தி வடக்குத் தெரு வழியாக மிதிப்பார், நாளை காலனி வழியாக, நாளை மறுநாள் கண்மாய்க்கரை என்று தினமும் அறிவித்தார். தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற மாதிரி தெருவுக்குத் தெரு ஜனங்கள் சுகந்திக்குக் காத்திருந்தார்கள். "யக்கா, நம்ம வீட்டு வாசல் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சு விட்டுப் போங்க, வத்தல் காயப் போடணும்," என்பாள் ஒருத்தி. "நேத்து எங்க தெருவுல கோணலா எடுத்துட்ட," என்பாள் இன்னொருத்தி. புருவத்துக்குச் சொல்கிற குறையைக் காற்றுக்கும் சொன்னார்கள்.

சுகந்தி மிதித்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாருக்கும் அமைதி, அவளுக்கு முன்னால் மட்டும் அதே காற்று, ஒரு இம்மிகூடக் குறையவில்லை. சாயங்காலம் பார்லர் டிவியில் யோரிஸ் யாருக்கோ காற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது அவள் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரில் யாருக்காகவோ கிழித்துக் கிழித்து, தனக்கென்று ஒரு நாள்கூட அவள் மலைப்பக்கம் போகவில்லை.

"அண்ணே, கடைசி வெள்ளி நான் கணவாய்க்குப் போறேன், அன்னைக்கு வரிசை போடாதீங்க," என்று அழகுராசாவிடம் சொன்னாள்.

அழகுராசா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தலைவர். கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டுவிட்டார். "சுகந்தி இனிமே ஊர்ச் சொத்து. வருசா வருசம் மேல போயி விழுந்து அடிபட்டு வருது. கால் ஒடிஞ்சு கெடந்தா ஊரு கதி என்ன? கணவாய்க்குப் போகக் கூடாது, அம்புட்டுத்தான்."

"அண்ணே, நான் சைக்கிள் வாங்குனது என் காலுக்கு," என்றாள் சுகந்தி. குரல் உயரவில்லை. "ஒங்களுக்கு வழி விழுந்தது அதுல சிந்துனது. சிந்துனதைப் பொறுக்குறவுக, சோறாக்கவே கூடாதுன்னா எப்படி?"

சுகந்தி நேரே பார்லருக்குப் போய், சுவரில் கொக்கி அடித்து, சைக்கிளைத் தூக்கி அதில் மாட்டினாள். விடிந்ததும் வகிடு மூடிக்கொண்டது.

அதற்குள் எங்களுக்குப் பின்பக்கமாக நடப்பது மறந்து போயிருந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆனது எங்கள் கதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கவிழ்ந்தன, ஜவுளி மூட்டை கண்மாயில் மிதந்தது, குருவம்மாவின் புதுக் கூரை பழைய கூரை போன திசையிலேயே போனது. சிலர் சுகந்தியைத் திட்டினார்கள். ஒச்சப்பனிடம் போய் நீயாவது சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, "கம்பத்துல ஏறுறவன் நான், அவ கால்ல கயிறு கட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் அறுந்த ஒயரைத் தேடிப் போய்விட்டார்.

சைக்கிள் சுவரில் தொங்கிய அந்த வாரம்தான் பந்தயத்தில் கடைசி மலை வந்தது. பார்லரில் இடமில்லை, வாசலிலும் பெண்கள் நின்றோம், ஆடி என்பதால் எல்லாரும் மஞ்சள் சேலை, கையில் காப்பு. சுகந்தி வடக்குத் தெருப் பஞ்சவர்ணத்துக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். யோரிஸ் எப்போதும் போல முன்னால், மஞ்சள் சட்டைக்காரன் எப்போதும் போல அவன் பின்னால், மற்றவர்கள் எல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில். இனி யோரிஸ் ஒதுங்குகிற இடம், இனி அவன் களைத்துப் பின்னால் போகிற இடம் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் சட்டைக்காரன் யோரிசின் பக்கத்தில் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு முன்னால் போனான். முன்னால் போய், குனிந்து, யோரிசுக்குக் காற்றைக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தான்.

உச்சிவரை அப்படியே இழுத்துப் போய், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் சட்டைக்காரன் ஓரமாக ஒதுங்கினான். யோரிசுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெயித்தவன் இரண்டு கையையும் தூக்க வேண்டும், பழக்கமில்லாததால் அவன் ஒரு கையை மட்டும் தூக்கினான், அதையும் பாதிதான் தூக்கினான். கோட்டைத் தாண்டி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாங்களும் அழுதோம். சுகந்தி வாயில் நூலோடு தேம்பித் தேம்பி அழுதாள். பஞ்சவர்ணத்துக்கு ஒரு புருவம்தான் எடுத்திருந்தது, அந்த ஆடி முழுக்க அவள் அந்த ஒற்றைப் புருவத்தோடுதான் அலைந்தாள், கேட்கவும் இல்லை.

வாசலுக்கு வந்ததும் குருவம்மா மூக்கைச் சிந்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"மஞ்ச உடுத்துனவன் செய்ய வேண்டியதை அவன் செஞ்சுட்டான். நாம எதுக்குடி உடுத்தியிருக்கோம்?"

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் உண்டு, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. பெண்பிள்ளை படிப்பை முடித்துக் கல்யாணமாகிப் போனால், அல்லது மருமகளாக வரும்போது அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தால், அது மாட்டுக் கொட்டத்தில் சாய்ந்து நின்று விறகு சுமக்கும், கோழி அதில் தூங்கும். கோழிகளை எழுப்பினோம். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டோம். பிளஸ் டூ பரீட்சைக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள் எல்லாம் பள்ளி மைதானத்தில் வட்டம் போட்டோம், கால் மறக்கவில்லை. குருவம்மா மட்டும் பிறவியிலேயே சைக்கிள் ஏறாதவள். கேரியரை ஒச்சப்பன் பிடித்துக்கொள்ள, அவள் ஏறினாள், விழுந்தாள், ஏறினாள், விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மைதானம்தான் பள்ளம் பள்ளமாகப் போனது. சுகந்திக்குத் தெரியக் கூடாது என்று எல்லாரும் சத்தியம் செய்துகொண்டோம். அழகுராசாவுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவர் மனைவியும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்துப் பார்த்து, சுகந்தி போகக் கூடாது என்றுதான் தீர்மானம், ஊர் போகக் கூடாது என்று தீர்மானம் இல்லையே என்று தன் கௌரவத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

ஆடிக் கடைசி வெள்ளி. விடிந்ததும் சுகந்தி கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கினாள். தீர்மானம் அவளை நிறுத்தும் என்று நினைத்தவர்கள் அவளை அறியாதவர்கள். தன்னந்தனியாக ஊரைத் தாண்டி, அடிவாரத்தில் முதல் வளைவுக்கு வந்தவள் பிரேக் பிடித்தாள். சாலையை அடைத்துக்கொண்டு மஞ்சள் சேலையில் நாங்கள் நின்றோம். பின்னால் ஒரு லாரியில் ஆண்கள், மாவிளக்குத் தட்டுகள், மேளம், மைக்கோடு அழகுராசா.

சுகந்தியின் முகம் சிவந்தது. "என்ன, மறிக்க வந்தீங்களா?"

"ஆமாடி, மறிக்கத்தான் வந்தோம்," என்றாள் குருவம்மா. "ஒன்னையில்ல, காத்தை. ஆளுக்கு ஒரு வளைவு. நீ பேசாம பின்னாடி ஒட்டிக்கிட்டு வா."

சுகந்தி எங்கள் சைக்கிள்களைப் பார்த்தாள். கூடை வைத்த சைக்கிள், மட்கார்டு ஆடுகிற சைக்கிள், கோழி இறகு ஒட்டிய சைக்கிள். தொப்பியின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

முதல் வளைவு பஞ்சவர்ணம், ஒற்றைப் புருவத்தை உயர்த்திக்கொண்டு போனாள். இரண்டாவது அழகுராசாவின் மனைவி. முறை வராதவர்கள் சுகந்திக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தோம். தன் வளைவு முடிந்ததும் ஒவ்வொருத்தியும் டிவியில் பார்த்த மாதிரியே ஓரமாக ஒதுங்கி, அடுத்தவளுக்கு வழிவிட்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சுகந்தி முன்சக்கரத்தை எங்கள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், நாங்கள் கிழித்த இடத்தில் வந்தாள். நடுநடுவே, "முந்தானையை இறுக்கிச் சொருகு! மூச்சை விடு! இன்னும் கொஞ்சம்தான்!" என்று எங்களை ஏவினாள். லாரியிலிருந்து அழகுராசா, "இதோ ஏழாவது வளைவு, முன்னணியில் நர்சம்மா, அடுத்து ஊரின் செல்ல மகள் சுகந்தி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தடை போட்ட வாய்தான் அது.

பதினோராவது வளைவு என்னுடையது. அதைப் பற்றி எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வேன். காற்று என் வாய்க்குள் புகுந்து வயிற்றில் உட்கார்ந்தது, கண்ணில் தண்ணீர், காதில் எதுவும் கேட்கவில்லை, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற ஒன்று இரண்டு மூன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆளுக்குக் காற்று இல்லை என்ற ஒரே நினைப்பில் மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எதையும் செய்ததில்லை. ஒதுங்கும்போது, "சபாஷ் டீச்சர்," என்று சுகந்தி சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் படுக்கப் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டார்கள், அதனால்தான் மிச்சத்தையும் பார்க்கக் கிடைத்தது.

பதினெட்டாவது வளைவில் காற்று வேறு மாதிரி. அங்கே அது வீசுவதில்லை, நிற்கிறது, யானை நிற்கிற மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்துக்குக் குருவம்மா. மற்றவர்கள் வளைவுகளை மிதிக்கும்போது லாரியில் வந்தவள், அங்கே இறங்கி, சைக்கிள் ஏறினாள். சைக்கிள் முனகியது. காற்று அவள் தலைப்பூவைப் பிடுங்கியது, கொண்டையை அவிழ்த்தது, சைக்கிள் கூடையைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தது, குருவம்மாவை ஒரு விரற்கடை அசைக்க முடியவில்லை.

"இந்த ஒடம்பை என்னவெல்லாம் சொன்னீங்க!" என்று அவள் போட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "நாற்காலி கொள்ளல, ஆட்டோ கொள்ளல, வாசப்படி கொள்ளலன்னு சொன்னீங்கள்ல! இப்பத் தள்ளச் சொல்லு பாப்போம்! ஏ காத்து! தள்ளு பாப்போம்!"

நடக்கிற வேகம்தான், அதுவும் எறும்பு நடை. ஆனால் அந்தப் பெரிய மஞ்சள் முதுகு ஏறிக்கொண்டே இருந்தது, அதன் நிழலில் சுகந்தி, வருஷா வருஷம் தூக்கி எறியப்பட்ட அதே கல், அதே புதர், அதே பள்ளத்தைத் தாண்டினாள். எல்லைக்கல் தெரிந்தது. அங்கே குருவம்மா கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பினாள். "போடி தங்கம், போ!" என்று சொல்லி, சைக்கிளோடு ரோட்டோர உண்ணிமுள் புதருக்குள் சாய்ந்தாள்.

மிச்சம் இருந்தது கொஞ்ச தூரம், அதில் சுகந்திக்கு முன்னால் யாருமில்லை. முழுக் காற்றும் அவள் ஒருத்தி மேல் விழுந்தது. சைக்கிள் நின்றது. நின்ற சைக்கிள் விழ வேண்டும், விழவில்லை; இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது, அவள் கால் தரைக்கு வரவில்லை. மேளக்காரர் அடிக்க மறந்தார், அழகுராசா மைக்கை வாயில் வைத்தபடி பேச மறந்தார். கொக்கியில் மாட்டிய நாளின் கோபம், தொடைவலி, எட்டு வருஷ ரத்தம், எல்லாவற்றையும் அவள் ஒரே மிதியில் போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, எல்லைக்கல் அவளுக்குப் பின்னால் போனது.

அந்தப் பக்கத்துச் சாலையை அவள் பார்த்தாள். கால் ஊன்றாமல் பார்த்தாள். பிறகு நாங்கள் கேட்டபோது, "வளைஞ்சு வளைஞ்சு எறங்குச்சு, மேகம் கீழ கெடந்துச்சு, ஒரு பஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும்.

ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை. அவளுக்குப் பின்னால் வகிடு திறந்திருந்தது, இந்த முறை கைப்பிடி அகலத்துக்கு இல்லை, அத்தனை பேர் சேர்ந்து கிழித்ததால் சாலை அகலத்துக்குத் திறந்திருந்தது. அதன் வழியாக, வளைவுக்கு ஒருத்தியாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, முகம் முன்னால் பார்க்க நடந்து மேலே வந்தார்கள். குருவம்மா புதரிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். காத்தாயி அம்மன் முன்னால் தட்டுகளை வரிசையாக வைத்தோம். பஞ்சவர்ணம் தீக்குச்சியை உரசினாள். எங்கள் ஊர் தோன்றிய நாளிலிருந்து ஆடியில் எரியாத மாவிளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் வில்லாக வளைந்து அலறிக்கொண்டிருக்க, நடுவில் அத்தனை சுடரும் ஆடாமல் நிமிர்ந்து நின்றன.

பூசாரி அம்மன் மேல் கிடந்த மஞ்சள் பட்டுத்துணியை எடுத்தார். பரிவட்டம் கட்டுவது ஊர்த் தலைவருக்குத்தான், இதுவரை எந்தப் பெண்ணின் தலையிலும் அது ஏறியதில்லை. பூசாரி அழகுராசாவைப் பார்த்தார். அழகுராசா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று, சுகந்தியைக் காட்டினார். தொப்பியைக் கழற்றவா என்று சுகந்தி கேட்டாள்.

"கழட்டாதடி, அது மேலயே கட்டட்டும்," என்றாள் குருவம்மா. "மஞ்சச் சட்டைக்காரன் அப்படித்தான் நிப்பான்."

சட்டிக்கு மேல் பட்டு ஏறியது. மேளம் அதிர்ந்தது. நாங்கள் குலவை போட்டோம், அந்தச் சத்தம் இரண்டு மாநிலத்துக்கும் கேட்டிருக்கும். சுகந்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்து, ஒரு கையைத் தூக்கினாள், அதையும் பாதிதான் தூக்கினாள்.

குருவம்மா போய் அந்தக் கையைப் பிடித்து முழுசாகத் தூக்கிவிட்டாள்.